இலைக்குள் சுரங்கம் போடும் அந்துப்பூச்சி: தேடி, வளர்த்து, பெயர் காண்பது எப்படி? செட்டிநாட்டு மரங்களுக்கான முழுமையான வழிகாட்டி

எலுமிச்சைத் துளிரில் வெள்ளி நிறத்தில் வளைந்து வளைந்து ஒரு கோடு. முந்திரித் தளிரில் சாம்பல் நிறக் கொப்புளம். புங்க இலையில் வெளுத்த திட்டு. இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே ஒரு புழு இருந்துகொண்டு தின்றால் இப்படி ஆகும். அந்தப் புழு வளர்ந்தால் பெரும்பாலும் மிகச் சிறிய அந்துப்பூச்சி. எலுமிச்சையில் வருவது இறக்கையை முழுதாக விரித்தாலும் 4 மில்லிமீட்டர்தான்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் தோட்டம் வைத்திருப்பவர்களும் இதைப் பழகுவதைப் பார்த்து வருகிறேன். தடுமாறுகிற எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். முதலில் இலையைப் பறிக்கிறார்கள். அடுத்த நிமிடம் கொப்புளத்தை நகத்தால் கிழித்துவிடுகிறார்கள். புழு செத்த பிறகு "இது என்ன பூச்சி?" என்று கேட்கிறார்கள். அதற்குள் பதில் சொல்லத் தேவையானதில் பாதி போயிருக்கும். இந்தப் பூச்சிகளின் பெயருக்கு வழி மரத்தின் பெயர், கோட்டின் வடிவம், எச்சம் கிடக்கும் விதம் ஆகிய மூன்றிலிருந்துதான் தொடங்குகிறது. பூச்சியின் உருவம் அதற்கு அப்புறம். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்று. நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருப்பார்களே, அதுவே போதும். போனில் மாட்டும் கிளிப் லென்ஸ் இருந்தால் படத்துக்கு உதவும். ஆனால் கை லென்ஸுக்கு அது மாற்று ஆகாது. கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

எழுத பென்சில். பேனா மை டப்பாவுக்குள் இருக்கும் ஈரத்தில் ஊறிக் கலைந்துவிடும். லேபிள் படிக்க முடியாமல் போனால் அந்த மாதிரியே வீண்.

மூடி இறுக்கமாக உட்காரும் ஒளி ஊடுருவும் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள், டிஷ்யூ பேப்பர், பஞ்சு, மிக மெல்லிய ஓவியத் தூரிகை, கொஞ்சம் சலித்த மணல். ஓட்டல் பார்சல் டப்பாவைக் கழுவிப் பயன்படுத்தலாம். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருக்கக் கூடாது. மணலை வாணலியில் வறுத்து ஆறவையுங்கள். வறுக்காத மணலில் வேறு எதன் கூட்டுப்புழுவாவது இருந்து, அது வெளியே வந்தால், உங்கள் இலையிலிருந்து வந்தது எது என்று சொல்ல முடியாது.

கொட்டான் வேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் பனையோலைப் பின்னலில் காற்று புகுந்து, வீடு வந்து சேர்வதற்குள் துளிர் வாடிவிடும்.

2. மரத்தின் பெயரை முதலில் உறுதி செய்யுங்கள்

இலைக்குள் வாழும் புழுக்கள் எல்லா இலையையும் தின்பதில்லை. ஒரு சிற்றினத்துக்கு ஒரு மரம், அல்லது நெருங்கிய சொந்தமான சில மரங்கள், அவ்வளவுதான். எலுமிச்சையில் வரும் ஃபிலோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா நார்த்தை, சாத்துக்குடி என்று அந்தக் குடும்பத்துக்குள்ளேயே சுற்றும். முந்திரியில் வரும் எடியோரிக்டிஸ் சின்கிராமா (பழைய பெயர் அக்ரோசெர்காப்ஸ் சின்கிராமா) மாவிலும் வரும். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். அதனால் மரம் எது என்று சரியாகத் தெரிந்தால், ஆயிரக்கணக்கான பூச்சிகளில் நீங்கள் தேட வேண்டியது நாலைந்தாகச் சுருங்கிவிடும்.

பெயர் தெரியாத மரமாக இருந்தால் கிளை முழுவதும், இலை அமைந்த விதம், பூ, காய் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை இலையை மட்டும் எடுத்தால் தாவரம் தெரிந்தவராலும் சொல்ல முடியாது. இதில் புங்கை நிறையப் பேரை ஏமாற்றுகிறது. நாம் ஒரு இலை என்று பறிப்பது உண்மையில் ஒரு சிற்றிலை. ஐந்து, ஏழு சிற்றிலைகள் சேர்ந்ததுதான் ஒரு இலை. வில்வத்தில் மூன்று. எலுமிச்சையா நார்த்தையா என்று சந்தேகம் வந்தால் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். மரம் வீட்டு வளவுக்குப் பின்னால் இருந்தால் வீட்டு ஆச்சியைக் கேட்டாலே போதும், ஊறுகாய் போட்டவருக்குத் தெரியாததா!

3. எந்த மரத்தில், எந்தப் பருவத்தில்

ஒரே விதிதான்: துளிர் இருந்தால்தான் பூச்சி. முட்டை வைக்கத் தாய்ப்பூச்சி தேடுவது இளம் இலையை. முற்றிய இலையில் நீங்கள் பார்க்கும் கோடு பழைய கதை, உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள்.

முந்திரிக்கு வடகிழக்குப் பருவமழை முடிகிற காலம் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் நனைந்ததும் தளிர் விடும். தை மாதம் பூ வரும்வரை தேடலாம். கொப்புளம் தளிர் இலையின் மேல்பக்கத்தில் சாம்பல் வெள்ளையாக உப்பியிருக்கும். பழசானால் அந்த இடம் காய்ந்து, உதிர்ந்து, இலையில் பெரிய ஓட்டையாகிவிடும். ஓட்டையைப் பார்த்து வெட்டுக்கிளி தின்றது என்று நினைத்துக் கடந்து போகிறவர்கள் அதிகம்.

புங்கை இலையுதிர்த்துவிட்டு வெயில் காலத் தொடக்கத்தில் ஒரே வீச்சில் துளிர்க்கும். பங்குனியில் சாலையோர மரங்களைப் பாருங்கள். எலுமிச்சை, நார்த்தைக்கு இவ்வளவு கண்டிப்பான பருவம் இல்லை. தண்ணீர் ஊற்றும் வீட்டு மரம் எப்போது துளிர் விட்டாலும் பூச்சி வந்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் எலுமிச்சையிலிருந்து தொடங்குவதே என் சிபாரிசு. எளிதில் கிடைக்கும், கோடு தெளிவாகத் தெரியும், சீக்கிரம் முடியும்.

கடலைக் காட்டில் வரும் சுருள்பூச்சியும் இந்தக் கூட்டம்தான். புழு முதலில் சிற்றிலைக்குள் சுரங்கம் போட்டு, கொஞ்சம் வளர்ந்ததும் வெளியே வந்து சிற்றிலைகளை நூலால் சேர்த்துக் கட்டி உள்ளே இருந்து தின்னும். அதைப் பிறகு பழகிக்கொள்ளுங்கள். பாதி வாழ்க்கை சுரங்கத்தில், பாதி வெளியே என்பது தொடக்கத்தில் குழப்பும்.

4. மரத்தில் இருக்கும்போதே படம் எடுங்கள்

பறித்த பிறகு துளிர் சுருங்கும், கொப்புளம் தட்டையாகும், நிறம் மாறும். மேல்பக்கமா கீழ்ப்பக்கமா என்பதுகூட மறந்துபோகும். அதனால் கை வைப்பதற்கு முன் குறைந்தது நாலு படம்: கிளையோடு இலை, இலையின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம், கோட்டின் நெருக்கப் படம். அளவு தெரிய அருகில் ஒரு ஸ்கேல்.

நெருக்கப் படத்தில் கோட்டின் இரண்டு முனைகளும் வர வேண்டும். மெல்லிய முனை முட்டை இருந்த இடம். எலுமிச்சையில் அது பெரும்பாலும் நடுநரம்பை ஒட்டி இருக்கும். அகலமான முனையில் புழு இருக்கும், அல்லது இருந்திருக்கும். கோடு எங்கே தொடங்கி எப்படிப் போகிறது என்பதே பல பூச்சிகளுக்கு அடையாளம். நடுவில் உள்ள அழகான வளைவை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பெயர் காண அந்த வளைவால் எந்தப் பயனும் இல்லை.

5. வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்

கிளையை மெதுவாக வளைத்து, இலைக்குப் பின்னால் வானம் வரும்படி வைத்து லென்ஸில் பாருங்கள். இலை கண்ணாடியாகிவிடும். எலுமிச்சைக் கோட்டின் அகலமான முனையில் பச்சை கலந்த மஞ்சளாக, தட்டையாக, ஒளி ஊடுருவும் ஒரு உடம்பு தெரியும். சற்று நேரம் அசையாமல் பார்த்தால் தலையை இடமும் வலமும் ஆட்டி அறுத்துக்கொண்டே போவது தெரியும். கோட்டின் நடுவே கறுத்த நூல் போல ஓடுவது அதன் எச்சம்.

உள்ளே யாரும் இல்லை என்றால், எப்படிப் போனார்கள் என்று பாருங்கள். இலையில் பழுப்பான காலிக் கூட்டுத்தோல் ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அந்துப்பூச்சி ஒழுங்காக வெளிவந்து பறந்துவிட்டது. தோல் இல்லாமல் ஊசியால் குத்தியது போன்ற வட்ட ஓட்டை மட்டும் இருந்தால், வந்தது ஒட்டுண்ணிக் குளவி. கொப்புளத்தில் கிழிசல் இருந்தால் புழு வளர்ந்து இறங்கிப் போயிருக்கலாம், எறும்போ சிலந்தியோ இழுத்துப் போட்டிருக்கவும் கூடும். காலி இலையும் பயன்தான், அழுத்தி வைக்கப் பறிக்கலாம். ஆனால் வளர்க்கும் டப்பாவுக்குள் போடாதீர்கள்.

வளர்ப்புக்குத் தேர்ந்தெடுக்க வேண்டியது முக்கால் வளர்ச்சி தாண்டிய புழுவை. காரணம் எளிது: எலுமிச்சைப் புழுவால் ஒரு இலையை விட்டு இன்னொரு இலைக்குள் புக முடியாது. பறித்த துளிர் வாடுவதற்குள் அது தன் சாப்பாட்டை முடித்தாக வேண்டும். கோடு அகலமாகி இலையின் ஓரத்தை எட்டி, ஓரம் லேசாக மடங்கத் தொடங்கியிருந்தால் அதுதான் சரியான இலை. அந்த மடிப்புக்குள்தான் கூட்டுப்புழு ஆகும், மடிப்பைப் பிரிக்காதீர்கள்.

6. ஈயா, அந்துப்பூச்சியா?

தக்காளி, பாகல், அவரை, ஆமணக்கு இலைகளில் காணும் வெள்ளைக் கோடு பெரும்பாலும் அந்துப்பூச்சி வேலை இல்லை. லிரியோமைசா டிரைஃபோலியை என்ற சிறிய ஈயின் புழு போட்டது. 1990 வாக்கில் இந்தியாவுக்குள் வந்து, இப்போது காய்கறித் தோட்டமெங்கும் இருக்கிறது.

பிரித்துப் பார்க்க எச்சத்தைக் கவனியுங்கள். எலுமிச்சை அந்துப்பூச்சியின் எச்சம் கோட்டின் நடுவே ஒற்றை வரியாக ஓடும். இந்த ஈயின் எச்சமோ ஒரு தடவை இந்த ஓரம், ஒரு தடவை அந்த ஓரம் என்று மாறி மாறிக் கிடக்கும். அடுத்து தலை. அந்துப்பூச்சிப் புழுவுக்குத் தனியாகத் தெரியும் தலை உண்டு. ஈயின் புழுவுக்குத் தலை என்று ஒன்று தெரியாது. முன்பக்கம் கறுத்த கொக்கி மட்டும் உள்ளே அசையும்.

காலை வைத்து முடிவு செய்யாதீர்கள். "கால் இல்லை, அதனால் ஈ" என்று ஒரு பாடம் சுற்றிக்கொண்டிருக்கிறது. எலுமிச்சை அந்துப்பூச்சியின் புழுவுக்கும் கால் கிடையாது.

7. பறிப்பதும் கொண்டுவருவதும்

பறிக்கும் முன் சமீபத்தில் மருந்து அடித்தார்களா என்று கேளுங்கள். அடித்த மரத்தின் புழு டப்பாவில் இரண்டு நாளில் சாகும், நீங்கள் வளர்ப்பு முறையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

கேட்டால் திரும்ப ஒரு கேள்வி வரும்: "இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம் தம்பி?" வீட்டு எலுமிச்சைக்கு என்றால் என் பதில், பெரிய மரத்துக்கு ஒன்றும் வேண்டாம் ஆச்சி. முற்றிய இலையை இந்தப் பூச்சி தொடாது, மரம் தாங்கும். கன்றாக இருந்தால்தான் கவலை. அப்போதும் கண்ட நேரத்தில் கிளை வெட்டி, யூரியா போட்டு, ஓயாமல் துளிர் வரவைக்காமல் இருப்பது முதல் மருந்து. துளிர் வரும்போது வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். துளிர் முற்றிய பிறகு தெளிப்பது தண்ணீருக்குத்தான் செலவு. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: புழு கீறிய இடத்தில் சொறி நோய் எளிதாகப் புகும். இலையிலும் காயிலும் சொறி பரவினால் வேளாண் அலுவலரைப் பார்ப்பது நல்லது.

சரி, பறிப்பதற்கு வருவோம். ஒற்றை இலையைக் கிள்ளாமல் சின்னக் கொம்போடு வெட்டுங்கள். வெட்டிய நுனியை ஈரப் பஞ்சில் சுற்றி டப்பாவில் வையுங்கள். ஒரு டப்பாவில் ஒரே மரத்தின் இலை, ஒரே வகைக் கோடு. இரண்டு வகையைக் கலந்துவிட்டால் பிறகு வெளிவரும் பூச்சி எந்தக் கோட்டுக்குச் சொந்தம் என்று சொல்ல வழியே இல்லை.

அங்கேயே நின்று லேபிள் எழுதி உள்ளே போடுங்கள்: ஊர், தேதி, மரம், இலையின் எந்தப் பக்கம், யார் எடுத்தது, ஒரு எண். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டவர்களின் டப்பாக்கள்தான் கடைசியில் "கானாடுகாத்தானா, பள்ளத்தூரா?" என்ற பட்டிமன்றத்தில் முடிகின்றன.

சித்திரை வெயிலில் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு டப்பாவை உள்ளே வைத்துப் போகாதீர்கள். புழு வெந்துவிடும்.

8. டப்பா அமைப்பது: இரண்டு வகை, இரண்டு விதம்

செட்டிநாட்டில் இதைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். எலுமிச்சைக்கு ஒரு முறை படித்துவிட்டு, அதையே முந்திரிக்கும் செய்கிறார்கள்.

இலையிலேயே கூட்டுப்புழு ஆகும் வகைக்கு, அதாவது எலுமிச்சை, நார்த்தைக்கு, டப்பாவின் அடியில் ஒரு மடிப்பு டிஷ்யூ விரித்து, அதன்மேல் கொம்போடு இலையை வையுங்கள். சின்ன மருந்துப் புட்டியில் தண்ணீர் ஊற்றிக் கொம்பைச் செருகலாம், ஆனால் புட்டியின் வாயைப் பஞ்சால் இறுக்கமாக அடையுங்கள். வெளிவரும் பூச்சிக்கு அந்தத் தண்ணீர் கிணறுதான்.

இறங்கிப் போகும் வகைக்கு மணல் வேண்டும். முந்திரியின் எடியோரிக்டிஸ் சின்கிராமா புழு முதலில் வெளுத்திருக்கும். முழு வளர்ச்சி வந்ததும் செந்நிறமாக மாறி, கொப்புளத்தைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கி மண்ணில் கூட்டுப்புழு ஆகும். வெறும் டப்பாவில் இருந்தால் மூடியையும் ஓரத்தையும் சுற்றிச் சுற்றி வந்து, புக இடம் கிடைக்காமல் காய்ந்து செத்துவிடும். "கொப்புளத்திலிருந்து சிவப்புப் புழு வந்தது, இது வேறு பூச்சிபோல" என்று தூக்கி எறிந்தவர்களும் உண்டு. அது வேறு பூச்சி அல்ல. நிறம் மாறினால் இறங்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆக, முந்திரிக்கு அடியில் இரண்டு விரற்கடை வறுத்த மணல், கையில் அள்ளினால் சற்றே ஈரம் தெரியும் அளவுக்கு. அதன்மேல் காய்ந்த சருகுத் துண்டு நாலைந்து. இலையை மணலில் படுக்க வைக்காமல் ஓரத்தில் சாய்த்து வையுங்கள். மணலில் பட்ட இலை சீக்கிரம் அழுகும்.

உங்கள் மரத்தின் பூச்சி எந்த வகை என்று தெரியாவிட்டால் மணல் டப்பாவையே அமையுங்கள். இலையில் தங்கும் வகைக்கு மணலால் கெடுதல் இல்லை. இறங்கும் வகைக்கு மணல் இல்லாவிட்டால் சாவு.

9. தினமும் காலையில் ஒரு தடவை

எலுமிச்சைப் பூச்சி கூட்டிலிருந்து வெளிவருவது விடியற்காலையில். அதனால் டப்பாவைக் காலையில் பாருங்கள். சாயங்காலம்வரை விட்டால் பூச்சி மூடியில் மோதி மோதி இறக்கைச் செதில் எல்லாம் கொட்டி, அடையாளம் இல்லாத சாம்பல் துணுக்காகக் கிடக்கும்.

திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மூடியின் உட்புறம். நீர்த்துளி கோத்து நின்றால் ஈரம் அதிகம், பூஞ்சை வரும். மூடியைத் துடைத்து, டிஷ்யூவை மாற்றி, சிறிது நேரம் திறந்தபடி ஒரு வலைத் துணியால் மூடிவையுங்கள். ஈரம் போதாமல் இழப்பதைவிட ஈரம் கூடி இழப்பதே அதிகம். டிஷ்யூவைப் பிழிந்தால் சொட்டக் கூடாது, அதுதான் கணக்கு.

டப்பாவை வைக்க நம் பழைய வீடுகளின் பட்டாலை நல்ல இடம். தடித்த சுவர், நேர் வெயில் இல்லை. மாடி வேண்டாம். ஏசி அறையும் வேண்டாம், இலை உலர்ந்துவிடும். எறும்புக்கு என்ன செய்வது என்பது இங்கே சமையலறையில் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான்: தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் டப்பாவை வையுங்கள். எறும்பு மருந்தோ கொசுவத்தியோ பக்கத்தில் இருக்கவே கூடாது.

எத்தனை நாள் ஆகும்? எலுமிச்சைப் பூச்சிக்கு முட்டை முதல் பூச்சி வரை வெப்பத்தைப் பொறுத்து 13 நாளிலிருந்து 52 நாள் வரை ஆகும் என்பது பதிவு. நம் வெயிலுக்குக் கீழ்க் கணக்குக்குப் பக்கத்தில்தான் நிற்கும். வளர்ந்த புழுவாக எடுத்திருந்தால் இன்னும் சீக்கிரம். முந்திரி மணலைக் கிளறிப் பார்க்கும் ஆசை வரும். கிளறாதீர்கள். கூடு கிழிந்தால் அதோடு போச்சு.

10. பூச்சிக்குப் பதில் குளவி வந்தால்

பளபளப்பான பச்சை அல்லது கறுப்பு நிறத்தில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு குளவி டப்பாவில் நடந்துகொண்டிருக்கும். கொசு புகுந்துவிட்டது என்று நசுக்கிவிடாதீர்கள். யூலோஃபிடே குடும்பத்தின் ஒட்டுண்ணிக் குளவிகள் இந்தப் புழுக்களைத் தின்று வளர்பவை. அந்த மரத்தில் மருந்தில்லாமல் பூச்சியைக் கட்டுக்குள் வைத்திருப்பவை இவைதான். அதையும் தனிப் புட்டியில், அதே எண்ணோடு எடுத்துவையுங்கள்.

11. பூச்சி வெளிவந்த பிறகு

விரலால் தொடவே கூடாது. டப்பாவோடு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் சில நிமிடம் வைத்தால் பூச்சி மந்தமாகும். அப்போது படம் எடுங்கள், பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும். பக்கவாட்டுப் படத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எலுமிச்சை, முந்திரி, புங்கைப் பூச்சிகள் எல்லாம் கிராசிலாரிடே என்ற குடும்பம்; அதில் சில வகை முன்னுடம்பைத் தூக்கி உட்காரும், சில வகை தலையைத் தாழ்த்தி உட்காரும், சில வகை கிளைக்கு இணையாகப் படுத்திருக்கும். எந்தப் பக்கம் தேடுவது என்பதற்கு அது ஒரு நல்ல குறிப்பு.

எலுமிச்சைப் பூச்சி வெள்ளியாக மின்னும். முன்னிறக்கையில் பழுப்புக் கோடுகள், நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளி படத்தில் தெரிகிறதா என்று போனில் பெரிதாக்கிச் சரிபார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள்.

மாதிரியாக வைக்க வேண்டும் என்றால் சின்னப் புட்டியில் போட்டு ஃப்ரீசரில் ஓர் இரவு. மறுநாள் ஒரு காலி ஜெலட்டின் கேப்சூலில் மாற்றி, லேபிளோடு டப்பாவில் வையுங்கள். இந்த அளவுப் பூச்சியை ஊசியில் குத்தப் பழகுவதற்குள் பத்துப் பூச்சி உடைந்துவிடும், கேப்சூல் பாதுகாப்பு. மழைக்காலத்தில் மட்டும் ஜெலட்டின் இளகும். டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவையுங்கள். வயிற்றுப் பகுதி உடையாமல் இருப்பது முக்கியம். ஆய்வகத்தில் கடைசி முடிவு எடுப்பது அதற்குள் உள்ள இனப்பெருக்க உறுப்பின் அமைப்பை வைத்துத்தான்.

கோடு போட்ட இலையையும் செய்தித்தாள் நடுவே அழுத்திக் காயவைத்து, அதே எண் கொடுங்கள். பூச்சி ஒரு பக்கம், இலை ஒரு பக்கம் என்று பிரிந்தால் இரண்டுக்கும் மதிப்பு பாதி.

12. பெயர் தேடும்போது: ஓக் மரத்தில் போய் மாட்டாதீர்கள்

இந்தப் படிக்குத் தனியாகக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். இலைக் கொப்புளம் பற்றி இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது ஐரோப்பிய ஓக் மரத்துப் பூச்சிகள்தான். அங்கே இதைப் படித்தவர்கள் அதிகம், படங்களும் அதிகம். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகளும் அந்தப் பக்கமே சாயும். அதை நம்பி, தேவகோட்டை முந்திரியில் எடுத்த பூச்சிக்கு ஓக் பூச்சியின் பெயரை எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

ஒற்றுமை இருப்பது உண்மை. ஓக் இலையில் வெள்ளிக் கொப்புளம் போடும் அக்ரோசெர்காப்ஸ் பிரோங்னியார்டெல்லாவும் நம் முந்திரிப் பூச்சியும் முன்பு ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தவை. ஓக்கை மட்டுமே தின்னும் ஃபிலோநோரிக்டர் குவெர்சிஃபோலியெல்லாவின் பேரினத்தில் நம் புங்கையில் வரும் ஃபிலோநோரிக்டர் விர்குலேட்டாவும் இருக்கிறது. இந்தப் பேரினத்தின் புழு பெரும்பாலும் கொப்புளத்தின் உள்ளே நூல் நூற்று இழுத்துக் கட்டும். தோல் சுருங்கி மடிப்பு விழுந்து, கொப்புளம் கூடாரமாக வளையும். எந்த நாட்டு இலையானாலும் அந்த மடிப்பு தெரிந்தால் எந்தப் பேரினத்தில் தேடுவது என்று ஒரு துப்புக் கிடைக்கிறது. அதற்கு ஓக் பக்கங்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், தவறில்லை. பேரினம்வரை போகலாம். சிற்றினப் பெயரை அங்கிருந்து எடுக்கக் கூடாது, ஏனென்றால் அந்தப் பூச்சிக்கு ஓக் வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளியில் ஓக் காடு எங்கே இருக்கிறது?

"சில்வர் ஓக் இருக்கிறதே" என்பார்கள். ஏற்காடு, கொடைக்கானல் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வைத்திருக்கும் அந்த மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பெயரில்தான் ஓக், குடும்பம் வேறு. ஓக் பூச்சிக்கு அது சாப்பாடு இல்லை.

ஓக்கிலேயே இந்தத் தொல்லை தீர்ந்தபாடில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓக் இலையின் அடிப்பக்கம் கூடாரம் போடும் ஃபிலோநோரிக்டர் சிற்றினங்கள் பல. கொப்புளத்தைப் பார்த்து மட்டும் அவற்றைப் பிரிக்க முடியாமல் அங்குள்ளவர்களும் வளர்த்துப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். டிஷேரியா எகெப்ளாடெல்லா போன்ற சிலதான் விதிவிலக்கு: ஓக் இலையின் மேல்பக்கம் வெள்ளைத் திட்டு, அதன் நடுவே புழு தங்கும் வட்டமான பட்டு அறை. அதைப் பார்த்தாலே பெயர் சொல்லலாம்.

எலுமிச்சையில் சிக்கல் வேறு விதம். தேடினால் அமெரிக்கப் பக்கங்கள் முன்னால் வரும், வெளிநாட்டுப் பூச்சி என்று நினைத்துவிடுவார்கள். ஃபுளோரிடாவுக்கு அது 1993இல்தான் போய்ச் சேர்ந்தது. ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் 1856இல் அதற்குப் பெயர் வைத்தது கல்கத்தாவில் கிடைத்த மாதிரியை வைத்து. அந்தப் பக்கங்களில் உள்ள படங்களை நம்பலாம். மருந்துப் பட்டியலை மட்டும் நம் மரத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

ஆக, தேடும் வரிசை இது. முதலில் மரம், அப்புறம் அந்த மரத்தில் இந்தியாவில் பதிவான இலைத்துளைப்பான்கள், அப்புறம் கோடும் எச்சமும், கடைசியில் பூச்சியின் இறக்கை. நான்கும் ஒத்துப்போனால் சிற்றினப் பெயர் எழுதுங்கள். ஒன்று இடித்தாலும் பேரினத்தோடு நிறுத்துங்கள். "எடியோரிக்டிஸ், முந்திரி இலை, கோட்டையூர்" என்று லேபிளில் இருந்தால் அது முழுமையான பதிவுதான். அதற்கு மேல் ஊகித்து ஒரு பெயரை எழுதினால், அடுத்து வருபவர் அதை உண்மை என்று நம்பி எடுத்துக்கொள்வார்.

உறுதி வேண்டும் என்றால் மதுரை வேளாண்மைக் கல்லூரியின் பூச்சியியல் துறையையோ, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையையோ அணுகலாம். பூச்சியை மட்டும் அனுப்பாதீர்கள். கேப்சூல், அழுத்திய இலை, மரத்தில் எடுத்த நாலு படம், லேபிளின் நகல் எல்லாம் ஒரே உறையில். ஒரே இலையிலிருந்து வந்த பூச்சி இரண்டு மூன்று இருந்தால் ஒன்றை உங்களிடமே வைத்துக்கொண்டு மற்றதை அனுப்புங்கள், தபாலில் உடைவதும் உண்டு.